காலிப்பரும் ஒரு ரப்பர் வளையமும்

பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணி மலைக்குக் காரில் சென்று இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,000 கிலோகிராம் வண்டியின் இயக்க ஆற்றல் 50,000 ஜூல். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக்கை மிதிக்கும்போது இது வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் எங்கே போகும்? பிரேக்கின் வரலாறே இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான்.

டிரம் பிரேக்கில் வெப்பம் உள்ளேயே தங்கும். டிரம் விரிவடைந்து பிடிமானம் குறையும். சுழலும் தட்டை இருபுறமும் கவ்வினால் காற்று அதைக் குளிர்விக்குமல்லவா? இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் பயன்படுத்திய செம்புக் கட்டைகள் விரைவில் தேய்ந்தன. காது கூசும் ஒலியும் எழுந்தது. 1953இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1962இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றியது.

தட்டைக் கவ்வும் பகுதியே காலிப்பர். மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர், காலிப்பர் பிஸ்டனின் பரப்பு 18 எனில், பாஸ்கல் விதிப்படி விசை ஆறு மடங்காகும். சரி, காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? சுருள்வில் அன்று, பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டுமுகமுடைய ரப்பர் வளையமே! அழுத்தத்தில் முறுக்கிக்கொள்ளும் அது, அழுத்தம் நீங்கியதும் தன் வடிவுக்குத் திரும்பிப் பிஸ்டனைச் சிறிதளவு இழுத்துவிடுகிறது.

வளையம் இறுகினாலோ பிஸ்டன் துருப்பிடித்தாலோ கட்டைகள் தட்டை உரசிக்கொண்டே இருக்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அப்போது காலிப்பரைப் பிரித்து, வளையத்தையும் தூசி உறையையும் புதிதாக மாற்ற வேண்டும். குழிவிழுந்த பிஸ்டனையும் மாற்ற வேண்டும். மண்ணெண்ணெயாலோ பெட்ரோலாலோ கழுவினால் ரப்பர் ஊதிக் கெடும். உரிய பிரேக் திரவத்தையே தடவிப் பூட்ட வேண்டும். பழைய கட்டைகளில் கல்நார் இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. எனவே தூசியைக் காற்றடித்து ஊதலாகாது.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் கொதிநிலை 140 அளவுக்கு இறங்கலாம். கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது! ஆகவே புதுத் திரவம் ஊற்றிக் காற்றை நீக்குங்கள். வண்டியை நகர்த்துமுன் மிதி இறுகும்வரை பலமுறை மிதித்துப் பாருங்கள். மலைப்பாதையில் உங்கள் உயிர் அந்தச் சிறு வளையத்தை நம்பியிருக்கிறது.