உள்ளாட்சி எல்லையும் தொழில் உரிமமும்: வேங்கிக்காலை முன்வைத்து நகர ஒப்பீட்டுத் தரவரிசைகள் குறித்த ஒரு வரலாற்றாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நாட்டின் நகரங்களைத் தொழில் ஒழுங்குமுறைகளின் அடிப்படையில் ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முயற்சிகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியுள்ளன. அவை நகரத்துக்கும் நகரத்துக்கும் இடையிலான வேறுபாட்டையே அளக்கின்றன. தமிழகத்தில் ஒரு கடைக்காரருக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை 1884 முதல் தீர்மானித்து வந்தது நகராட்சிக்கும் ஊரகத்துக்கும் இடையே வரையப்பட்ட எல்லைக்கோடு. திருவண்ணாமலை நகரை ஒட்டிய வேங்கிக்காலின் நிலையைக் கொண்டு இக்கோட்டின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொழில் உரிமம், உள்ளாட்சி, மாவட்ட நகராட்சிகள் சட்டம், ஊராட்சி, வேங்கிக்கால், திருவண்ணாமலை.

தரவரிசைகள் காட்டுவன

உலக வங்கி 2003 முதல் வெளியிட்ட 'தொழில் செய்தல்' அறிக்கைகளில் இந்தியா நெடுங்காலம் மும்பை என்னும் ஒரே நகரால் அளக்கப்பட்டது. பின்னர் தில்லியும் சேர்க்கப்பட்டது. ஒரு நகரை நாடாகக் கொள்வதன் குறையை ஈடுசெய்யும் நோக்கில் உள்நாட்டு நகரங்களை ஒப்பிடும் தனி அறிக்கைகள் தயாரிக்கப்பட்டன. அவற்றுள் 2009இல் வெளிவந்த அறிக்கை 17 இந்திய நகரங்களை எடுத்துக்கொண்டது. லூதியானா, ஐதராபாத், புவனேசுவரம் ஆகியவை முன்னிலை பெற்றன. சென்னை, கொச்சி, கொல்கத்தா ஆகியவை பட்டியலின் இறுதியில் நின்றன.

இம்முடிவு அன்றே வியப்பூட்டியிருக்க வேண்டும். தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் இந்திய மாநிலங்களுள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்துவரும் தமிழகத்தின் தலைநகர் இப்பட்டியலில் கடைக்கோடிக்கு அருகில் நின்றது. ஒழுங்குமுறை கடினமாயிருந்தும் தொழில் வளர்ந்ததா, அன்றி அளவுகோல் வேறெதையோ அளந்ததா என்னும் வினா அங்கேயே எழுந்தது. மத்திய அரசின் தொழிற்கொள்கைத் துறை 2015 முதல் மாநிலங்களை வரிசைப்படுத்தியபோதும் இதே முரண் தொடர்ந்தது. தமிழகம் 2015இல் 12ஆம் இடத்திலும், 2016இல் 18ஆம் இடத்திலும், 2019ஆம் ஆண்டுக்கான பட்டியலில் 14ஆம் இடத்திலும் இருந்தது. 2022இல் வெளியான பட்டியலில் முன்னணிச் சாதனையாளர் வரிசைக்கு உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் 2018ஆம் ஆண்டின் தொழில் எளிமையாக்கல் சட்டம் ஒற்றைச் சாளர முறைக்குச் சட்ட வடிவம் தந்தது உண்மை. ஆயினும் சில ஆண்டுகளில் நிகழ்ந்த இத்தாவல், தொழில் நடந்த விதம் மாறியதையா, அளக்கும் முறை மாறியதையா குறிக்கிறது என்பது திறந்த வினாவே. உலக வங்கியோ, 2018, 2020ஆம் ஆண்டு அறிக்கைகளின் தரவுகளில் முறைகேடுகள் வெளிப்பட்டதைத் தொடர்ந்து, 2021 செப்டம்பரில் அத்திட்டத்தையே கைவிட்டது.

முறைகேடு ஒருபுறமிருக்க, அவ்வறிக்கைகளின் அடிப்படைக் கருதுகோளே இங்குக் கவனத்துக்குரியது. ஒப்பீட்டுக்கென ஒரு கற்பனை நிறுவனம் படைக்கப்பட்டது. அது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம். முழுதும் உள்நாட்டு உடைமை. குறைந்தது 10 பணியாளர்களைக் கொண்டது. பெருவணிக நகரில் அமைந்தது. கோயில் நகரொன்றின் தேநீர்க் கடை, பாத்திரக் கடை, தங்கும் விடுதி, வாகனப் பழுதுபார்ப்பகம் ஆகியவை இவ்வுருவத்துள் அடங்குவதில்லை. அவற்றின் உரிமையாளர் முதலில் சந்திப்பது நிறுவனப் பதிவாளரை அன்று, உள்ளாட்சி அலுவலரையே.

மொதுர்பாவிலிருந்து உரிமம் வரை

வணிகத்தின் மீதான உள்ளூர்ச் சுமை இடத்துக்கு இடம் மாறுவது நகராட்சிகளோடு தொடங்கியதன்று. சென்னை மாகாணத்தில் தறி, கடை, கைத்தொழில் ஆகியவற்றின் மீது வாங்கப்பட்ட மொதுர்பா வரி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்டது. கசுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று நடத்திய சென்னைச் சுதேசிகள் சங்கம் 1852இல் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பம் இவ்வரியைக் குறையாகச் சுட்டியது. 1860களின் தொடக்கத்தில் மொதுர்பா மறைந்தது. அதன் இடத்தை ஒரே வரி நிரப்பவில்லை. 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1871ஆம் ஆண்டுச் சட்டமும் நகரங்களுக்குத் தனி நிதி அமைப்பை உருவாக்கின. இதன் பின்னர் நகரம் என அறிவிக்கப்பட்ட இடம் ஒரு சட்ட உலகமாகவும், அறிவிக்கப்படாத இடம் மற்றொன்றாகவும் பிரிந்தன.

1884இல் இப்பிரிவினை முழுமை பெற்றது. அவ்வாண்டின் 4ஆம் சட்டம் மாவட்ட நகராட்சிகளுக்கும், 5ஆம் சட்டம் ஊரகத் தல வாரியங்களுக்கும் இயற்றப்பட்டன. அடுத்தடுத்த எண்களைத் தாங்கிய இவ்விரு சட்டங்களே பின்னாளைய வேறுபாடுகளுக்கெல்லாம் தாய். அப்போது தென்னார்க்காட்டு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலை 1886இல் நகராட்சியானது. வேங்கிக்கால் தல வாரிய ஆட்சியிலேயே நின்றது. 1911இல் திருவண்ணாமலைத் தாலுகா வடார்க்காட்டுக்கு மாற்றப்பட்டபோதும் இந்தக் கோடு அசையவில்லை.

1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் தொழில் உரிமத்துக்கு நிலையான வடிவம் தந்தது. அதன் 249ஆம் பிரிவின்படி, ஐந்தாம் அட்டவணையில் கண்ட தொழில்களுக்கு உரிமம் கட்டாயமென நகர்மன்றம் மாவட்ட அரசிதழிலும் தண்டோரா மூலமும் அறிவிக்கலாம். தோல் பதனிடல், செங்கல் சூளை, நெல் அவித்தல் முதலியன அவ்வட்டவணையில் இடம்பெற்றன. அலுவலக வழக்கில் இவை இன்றும் 'அபாயகரமான மற்றும் அருவருக்கத்தக்க தொழில்கள்' எனப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சிந்தனை, துர்நாற்றத்தையும் நோயையும் ஒன்றாகக் கண்டதன் எச்சம் இப்பெயர். அட்டவணை காலப்போக்கில் விரிந்து, நாற்றமோ அபாயமோ சிறிதுமற்ற தொழில்களையும் விழுங்கியது. சுகாதாரக் கருவி வருவாய்க் கருவியாக மாறிய வரலாறு அதுவே.

இப்பிரிவில் ஒரு சொற்றொடர் ஆய்வாளர்களால் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. அறிவிப்பு நகராட்சி எல்லைக்குள் மட்டுமன்றி, எல்லையிலிருந்து மூன்று மைல் தொலைவுக்குள்ளும் நீளலாம் எனச் சட்டம் கூறியது. அதாவது, நகரின் ஒழுங்குமுறையிலிருந்து தப்பத் தொழில்கள் எல்லைக்கு அப்பால் குடியேறும் என்பதை 1920இலேயே சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர். வேங்கிக்கால் அந்த மூன்று மைலுக்குள் அடங்கும் ஊர்.

கட்டணத்தின் இயல்பு குறித்த வினா நீதிமன்றங்களுக்கும் சென்றது. சென்னை அறநிலையச் சட்டத்தை ஆராய்ந்த 1954ஆம் ஆண்டின் சிரூர் மடம் வழக்கில், வரி வேறு, சேவைக்கு ஈடான கட்டணம் வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்தது. சமய நிறுவனம் ஒன்றின் பொருட்டு எழுந்த இத்தீர்ப்பு, பின்னர்க் கடைக்காரர்கள் உரிமக் கட்டணத்தை எதிர்க்கும்போது கையிலெடுத்த வாதமாயிற்று. 1965இல் லிபர்ட்டி திரையரங்கு வழக்கில், கல்கத்தா மாநகராட்சியின் உரிமக் கட்டணம் உண்மையில் வரியே எனக் கொண்டு அதனை நீதிமன்றம் ஏற்றது.

வேங்கிக்கால்: கோட்டின் அப்புறம்

1989 செப்டம்பர் 30 அன்று வடார்க்காடு பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகம் வேலூர்ச் சாலையில், வேங்கிக்கால் ஊராட்சியின் எல்லைக்குள் அமைந்தது. மாவட்டத்தின் ஆட்சித் தலைமையிடம் நகராட்சிக்குள் இல்லாமல் ஊராட்சிக்குள் இருந்தது என்பது சிறு முரண்தான். ஆயினும் அதன் பொருளாதார விளைவு சிறிதன்று. அலுவலகம் வந்த இடத்தில் நகல் எடுக்கும் கடை, விண்ணப்பம் எழுதுவோர், உணவகம், குடியிருப்பு, வாகனப் பழுதுபார்ப்பகம் எனத் தொழில்கள் சேர்வது எங்கும் காணும் இயல்பு.

இத்தொழில்கள் சட்டப்படி ஊரகத் தொழில்கள். நகராட்சிக் கடைக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டமும், வேங்கிக்கால் கடைக்கு 1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் பின்னர் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் பொருந்தின. 1994ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உரிமம் பற்றிய பிரிவும், தொழிற்சாலை அமைக்கவும் இயந்திரம் நிறுவவும் அனுமதி கோரும் பிரிவும் உண்டு. ஆனால் நகராட்சியில் சுகாதார ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர் என அதனைச் செயற்படுத்தும் அலுவலர் வரிசை இருந்தது; ஊராட்சியிலோ எழுத்தர் ஒருவரே பெரும்பாலான பதிவேடுகளைப் பேணினார். சட்டத்தின் சொற்கள் ஒத்திருந்தும் அதனைச் சுமக்கும் ஆட்கள் ஒத்திருக்கவில்லை. எந்தத் தரவரிசையும் இவ்வேறுபாட்டை அளந்ததில்லை.

பிற சட்டங்களும் இக்கோட்டைப் பின்பற்றின. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் முதலில் சென்னை நகரையும் நகராட்சிகளையும் முதன்மைப்படுத்தியே நடைமுறைக்கு வந்தது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டமும் நகர விற்பனைக் குழுவை மையமாகக் கொண்டது. திருவண்ணாமலையில் இதன் பொருள் தனித்தன்மை வாய்ந்தது. சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை நகராட்சியில் தொடங்கி, அடிஅண்ணாமலை போன்ற ஊராட்சிகளின் வழியே சென்று, மீண்டும் நகராட்சியை அடைந்தது. பௌர்ணமி இரவில் அப்பாதையில் இளநீரோ பொரியோ விற்கும் ஒருவர், நின்ற இடத்தைப் பொறுத்து அச்சட்டம் கருதிய நகர வணிகராகவோ, அதன் பார்வைக்குப் புறம்பானவராகவோ ஆனார். கூட்டமும் சரக்கும் ஒன்றே. பாதுகாப்பு மட்டும் வேறு. ஒழுங்குமுறை என்றாலே சுமை எனக் கொள்ளும் தரவரிசைகளின் நோக்குக்கு இந்நிகழ்வு தக்க மறுப்பு. உரிமமில்லாத இடம் கட்டுப்பாடில்லாத இடம் மட்டுமன்று. உரிமை கோர ஆவணமில்லாத இடமும் ஆகும்.

இதற்கு மாறாக, சில சுமைகள் இருபுறமும் ஒன்றே. தொழில்வரியின் உச்சவரம்பை அரசமைப்பின் 276ஆம் உறுப்பே விதிக்கிறது; 1988ஆம் ஆண்டின் 60ஆம் திருத்தத்தால் அது ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து 2,500 ரூபாயாயிற்று. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 2017ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரியும் எல்லை பார்ப்பதில்லை.

ஒரே மூலம், வேறு கிளைகள்

சென்னை மாகாணச் சட்டத்தின் மற்றொரு வாரிசு கேரளம். மலபார் வழியாக அங்குச் சென்ற 'அபாயகரமான மற்றும் அருவருக்கத்தக்க தொழில்கள்' என்னும் தொடர் கேரள ஊராட்சிச் சட்டத்தின் உரிம விதிகளில் 1996இலும் நின்றது. அங்கு ஊராட்சிகள் மக்கள்தொகையிலும் அலுவலர் வலிமையிலும் பெரியவை. ஆதலால் ஊராட்சி உரிமம் ஏட்டளவில் நிற்காமல் நடைமுறையில் இயங்கியது. நோக்குகூலியோடு சேர்த்து இதுவும் கேரளத் தொழில்முனைவோரின் குறைகளுள் ஒன்றானது. 2019ஆம் ஆண்டின் சிறுதொழில் எளிமையாக்கல் சட்டம் மூன்று ஆண்டுகளுக்கு முன் அனுமதியின்றித் தொழில் நடத்த வழி செய்தது. 2024இல் வெளியான மத்திய அரசின் பட்டியலில் கேரளம் முன்னிலை பெற்றது. 2009இல் கொச்சி நின்ற இடத்தை நினைவிற் கொண்டால் இது பெரிய மாற்றம். ஆனால் இரு மாநில ஊராட்சிகளின் அளவையும் ஆள்வலிமையையும் கணக்கிலெடுக்காமல் கொச்சியையும் சென்னையையும் அருகருகே வைப்பது முழுமையான ஒப்பீடு ஆகாது.

உரிமமுறையின் இயலாமைக்கு வடார்க்காடே சான்று. தோல் பதனிடல் 1920ஆம் ஆண்டு அட்டவணையில் இருந்த தொழில். அத்தகைய உரிமமுறை இருந்தும் பாலாற்றுப் படுகை மாசுபட்டது. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. அருவருப்பைத் தடுக்க எழுந்த சட்டம், உண்மையான தீங்கின் முன் கையறு நிலையில் நின்றது.

எல்லை நகர்ந்த பின்

2023 ஏப்ரல் 13 அன்று, 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் புதிய விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது. ஒரு நூற்றாண்டைக் கடந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆட்சி முடிந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகியவற்றுக்கு ஒரே சட்டம் அமைந்தது. தமிழக நகரங்களுக்குள்ளான சட்ட வேறுபாடு பெரிதும் குறைந்த தருணம் இது. நகர ஒப்பீடு அளக்க விரும்பிய வேறுபாடு இங்குச் சுருங்கியது. அது அளக்காத நகர–ஊரக வேறுபாடு அப்படியே எஞ்சியது.

2024 மார்ச்சில் திருவண்ணாமலையை மாநகராட்சியாக உயர்த்தும் அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வேங்கிக்கால் உள்ளிட்ட சுற்றுப்புற ஊராட்சிகளை உள்ளடக்கி மாநகராட்சி அமைக்கப்பட்டது. வேங்கிக்கால் கடைக்காரர் இடம் பெயரவில்லை, தொழிலை மாற்றவில்லை. அவருக்குரிய சட்டம் மட்டும் மாறியது. 1920இல் மூன்று மைல் விதி நாடியதை 2024இல் எல்லை விரிவாக்கம் நிறைவேற்றியது எனலாம். இத்தகைய இணைப்புகளைத் தமிழகத்தின் பல ஊராட்சிகள் எதிர்த்ததற்கு நூறு நாள் வேலைத்திட்டத்தின் இழப்பும் வரி உயர்வு பற்றிய அச்சமுமே காரணங்களாகக் கூறப்பட்டன. தொழில் உரிமம் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

அது பேசுபொருளானது எல்லைக்கு வெளியே. 2025இல் ஊராட்சிப் பகுதிகளின் கடைகளுக்கும் தொழில்களுக்கும் உரிமத்தை வலியுறுத்தும் விதிகள் அறிவிக்கப்பட்டன. வணிகர் அமைப்புகள் எதிர்த்தன. அரசு அவ்விதிகளை நிறுத்திவைத்தது. ஆகவே 1884இல் வரையப்பட்ட கோடு அழியவில்லை. வேலூர்ச் சாலையில் அது வேங்கிக்காலைக் கடந்து வடக்கே நகர்ந்து, அடுத்த ஊராட்சியின் முதல் கடைக்கு முன்னே நிற்கிறது.