வானொலி செலுத்தும் பாய்மரக்கப்பல்

சென்ற ஆண்டு மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஜங்லிகாட் மீன்துறை அருகே நம் காலனிச் சிறுவர் சிலரும் யானும் ஒரு சிறு பாய்மரக்கப்பலை நீரில் விட்டோம். நீளம் ஒரு மீட்டர். தூத்துக்குடித் தோணி ஒன்றின் நிழற்படத்தைப் பார்த்து, ஒட்டுப்பலகையை அறுத்துச் செய்தது. உள்ளே ஒரு வானொலி ஏற்பியும் இரண்டு சிறு மின்பொறிகளும் இருந்தன. கரையில் நின்று விசையை அசைத்தால் கப்பல் சொன்னபடி திரும்பும் என்று சிறுவர்களிடம் பெருமையாகக் கூறியிருந்தேன். திரும்பவும் செய்தது. ஆனால் காற்று ஒருமுறை நன்றாக வீசியதுதான் தாமதம், கப்பல் குப்புறச் சாய்ந்தது. கரையில் நின்ற மீனவர் ஒருவர் துரட்டியால் இழுத்துத் தந்தார்.

"நிஜத் தோணி கவிழவில்லையே, இது மட்டும் ஏன் மாமா கவிழ்ந்தது?" என்று ஒரு சிறுவன் வினவினான். அளவு பிசகாமல் செய்ததாகவே எண்ணியிருந்த எனக்கு அப்பொழுது விடை தெரியவில்லை. அதனைத் தேடிப் படித்த வரலாற்றையே இவ்வாண்டு மலருக்கு எழுதுகின்றேன்.

விடை தந்தவர் ஓர் இரயில்வேக்காரர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வில்லியம் ஃபுரூட் என்னும் ஆங்கிலேயர், புகழ்பெற்ற பொறியாளர் புரூனலின் கீழ் 1837 முதல் பிரிஸ்டல்–எக்சிடர் இருப்புப்பாதையில் பணிபுரிந்தவர். நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் வண்டி குலுங்காமல் புகும்படி தண்டவாளத்தைச் சிறிது சிறிதாக வளைக்கும் முறையொன்றை அங்கே வகுத்தார். பின்னர் அவர் மனம் கப்பல்பால் சென்றது. சிறிய மாதிரியைக் கொண்டு பெரிய கப்பலின் இயல்பை அறியலாகாது என்பதே அந்நாளில் வல்லுநர் பலரின் கருத்து. ஃபுரூட்டோ 1867இல் இருவகை உடல் வடிவங்களை 3 அடி, 6 அடி, 12 அடி நீளங்களில் செய்து டார்ட் ஆற்றில் இழுத்துப் பார்த்தார். 1871இல் 'கிரேஹவுண்டு' என்னும் போர்க்கப்பலையே கயிறு கட்டி இழுத்து அளந்தார். டார்க்கி என்னும் ஊரில் தம் இல்லத்தருகே நீர்த்தொட்டி அமைத்து, 1872 முதல் மாதிரிகளை ஓட்டினார். மாதிரிக்கும் கப்பலுக்கும் உறவுண்டு. ஆனால் அது நேர்விகித உறவன்று என்பது அவர் கண்ட உண்மை. பதினாறில் ஒரு பங்கான மாதிரி, கப்பலின் வேகத்தில் நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும்போதுதான் கப்பல் எழுப்பும் அலையைப் போன்ற அலையை எழுப்பும். நான்கு என்பது பதினாறின் வர்க்கமூலம்.

இனி நம் கப்பல் கவிழ்ந்த காரணத்திற்கு வருவோம். இருபதில் ஒரு பங்காக ஒரு தோணியைச் சுருக்கினால் பாயின் பரப்பு 400இல் ஒரு பங்காகும். எடையோ 8,000இல் ஒரு பங்காகும். கப்பலைச் சாய்க்கும் ஆற்றல் பாயின் பரப்பையும் அதன் உயரத்தையும் பொறுத்தது. ஆதலால் அது 8,000இல் ஒரு பங்காகக் குறைகின்றது. நிமிர்த்தும் ஆற்றல் எடையையும் உடலின் அகலத்தையும் பொறுத்தது. அது 1,60,000இல் ஒரு பங்காகக் குறைகின்றது. கப்பலைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியாதே! ஆகவே அதே காற்றில் நம் மாதிரி, தோணியைவிட இருபது மடங்கு எளிதில் சாய்கின்றது. அளவு பிசகாமல் செய்தமையே நாங்கள் செய்த பிசகு!

இதற்கு மாற்று, ஏராக்கட்டைக்குக் கீழே ஒரு தகட்டை இறக்கி அதன் நுனியில் ஈயக்குண்டு கட்டுவதாகும். நிக்கோபார்த் தீவினர் தம் ஒடுக்கமான ஓடங்களுக்கு வேறு வழி கண்டனர். ஒரு பக்கத்தில் மிதவைக் கட்டையை நீட்டிக் கட்டினர். இரண்டும் சாய்வை வெல்லும் வழிகளே.

வானொலியால் படகு செலுத்தும் கலைக்கும் வயது அதிகம். நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கு நகரின் மாடிசன் சதுக்க அரங்கில், இணைப்புக் கம்பி ஏதுமின்றித் தூரத்திலிருந்து ஒரு சிறு படகை ஓட்டியும் திருப்பியும் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். வீடுகளில் வானொலிப் பெட்டி பேசுவதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு முன்பே ஒரு படகு வானொலிக்குக் கீழ்ப்படிந்துவிட்டது!

டெஸ்லாவின் படகு மின்பொறியால் ஓடியது. பாய்மர மாதிரிக்கு உந்துபொறி வேண்டுவதில்லை; காற்றே தள்ளுகின்றது. சுக்கானைத் திருப்ப ஒரு பொறி, பாயின் கயிற்றை இழுக்கவும் தளர்த்தவும் உருளையுடன் கூடிய மற்றொரு பொறி, இவ்விரண்டே போதும். இன்றைய கருவிகளின் நுண்ணலை நீருக்குள் செல்லாது. ஆதலால் ஏற்பியின் கம்பியை நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்தல் வேண்டும். இதனை அறியாமல் ஒருநாள் முழுதும் மின்கலத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

மாதிரி வெறும் விளையாட்டுப் பொருளன்று என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. அஜந்தா ஓவியத்தில் காணும் 5ஆம் நூற்றாண்டுக் கப்பலைப் போன்ற ஒன்றைக் கட்ட 2023இல் முயற்சி தொடங்கியது. ஓவியம் இருந்ததேயன்றி வரைபடம் ஒன்றும் கிடைத்திலது. கேரளத்துத் தச்சர் பாபு சங்கரன் தலைமையில், ஆணி அறையாமல் தென்னைநார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டினர். அத்தகைய கப்பல் கடலில் எவ்வாறு நிற்கும் என்று அறிய, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறை மாதிரி செய்து நீரில் சோதித்தது. ஃபுரூட்டின் வழிதான்! 'கௌண்டின்யா' என்று பெயர் பெற்ற அக்கப்பல் 2025 மே மாதம் கடற்படையில் சேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் போர்பந்தரினின்று பாய் விரித்து, 2026 ஜனவரியில் மஸ்கட்டை அடைந்தது.

ஓவியமேனும் இருந்தது அதன் பேறு. நம் கரைகளில் ஓடாவிகள் கட்டிய எத்தனையோ கலங்களுக்கு அதுவும் இல்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். 1938 ஆகஸ்டில் அஃது அவ்வூர்த் தமிழ் மாலுமிகளுடன் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தூத்துக்குடித் தோணிகள் பிற்காலத்தில் எந்திரம் பூண்டன. ஓடாவியின் கணக்கு தாளில் இராது. கண்ணிலும் கையிலும் இருக்கும். தந்தையிடமிருந்து மகன் கற்பான். மகன் வேறு வேலைக்குப் போனால் கணக்கும் போயிற்று. அவன் போவதைக் குறை கூற எனக்கு என்ன உரிமை? யானும் ஊரை விட்டு அலுவலக நாற்காலிக்கு வந்தவனே. ஆயினும் ஒரு தோணியை மாதிரியாகச் செய்யப் புகுந்தால், எந்த இடத்தில் பலகை எவ்வளவு வளைகின்றது என்று அளந்து எழுதாமல் தீராது. அவ்வளவேனும் தாளில் ஏறும். இக்காரணத்தினால்தான், கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பந்தயப் படகு வேண்டாம், தோணியே செய்வோம் என்று சிறுவர்களிடம் பிடிவாதம் பிடித்தேன்.

இரண்டாம் முறை, ஏராவுக்குக் கீழே ஒரு சாண் நீளத் தகடும் ஒரு கிலோ ஈயமும் பொருத்தினோம். "தோணிக்கு இது கிடையாதே" என்று அதே சிறுவன் தடை சொன்னான். நீருக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது என்று சமாதானம் கூறி, கழற்றி மாட்டும்படி திருகாணி வைத்தேன். பொங்கலுக்கு மறுநாள் அதே துறையில் விட்டோம். நன்றாகச் சாய்ந்தது, பலகை விளிம்பு நீரைத் தொட்டது, பின் நிமிர்ந்தது. காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து கட்டிநின்ற படகுகள் வரை போய்த் திரும்பியது. திரும்பும் வழியில் விசைப்பெட்டி சிறுவன் கையில் இருந்தது. யான் கேட்டும் தரவில்லை.

ஆண்டுவிழா அன்று அத்தோணி மண்டபத்து வாயிலருகே மேசைமேல் இருக்கும். ஈயத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருப்போம்.