தசை ஆற்றல்

உணவிலுள்ள வேதியாற்றலைத் தசை இயக்கமாக மாற்றும் செயல்முறை. அடினோசின் டிரைபாஸ்பேட் (ஏ.டி.பி.) என்ற சேர்மம் பிளவுறும்போது வெளிப்படும் ஆற்றலில்தான் தசை சுருங்குகிறது. இதைக் கண்டறிந்ததில், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவுக்கு (1895–1948) பெரும் பங்குண்டு.

வரலாறு

களைத்த தவளைத் தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதையும், ஆக்சிஜன் கிடைத்தால் அது மறைவதையும் 1907இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும் காட்டினர். இதை விரித்து ஆராய்ந்த ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் இருவரும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றனர். தசையைச் சுருங்கச் செய்வது லாக்டிக் அமிலமே என்ற கருத்து அப்போது வேரூன்றியிருந்தது.

பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்து, ஹார்வர்டுக்குச் சென்றார். அங்கே சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். கரைசலில் எழும் நீல நிறத்தின் அடர்த்தியே அதில் அளவுகோல். தசைச் சாற்றைச் சோதித்தபோது நீலம் உடனே முழுதாக எழாமல், நேரம் செல்லச் செல்ல அடர்ந்தது. ஏதோ ஒரு சேர்மம் மெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடுவிப்பதை அது காட்டிக்கொடுத்தது. அதுவே பாஸ்போகிரியேட்டின் என 1927இல் இருவரும் அறிவித்தனர். தசை உழைக்கையில் அது குறைந்து, ஓய்வில் மீண்டும் உருவாவதையும் கண்டனர். இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் அதே ஆண்டில் இப்பொருளை இனங்கண்டனர். 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், ஹார்வர்டில் ஃபிஸ்க்–சுப்பாராவ் இணையரும் தனித்தனியே ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தனர். லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி தடுத்த தசையும் சுருங்குவதை 1930இல் லுண்ட்ஸ்கார்ட் மெய்ப்பிக்க, பழைய கொள்கை வீழ்ந்தது. தசைப் புரதமான மயோசினே ஏ.டி.பி.யை உடைக்கிறது என்பதை 1939இல் எங்கெல்கார்ட், லியூபிமோவா ஆகியோர் காட்டினர்.

உழைப்பில் ஆற்றல்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் தசையில் தயாராக இருக்கும் ஏ.டி.பி., முழு விசையுடன் உழைத்தால் ஓரிரு நொடிகளுக்கே போதும். அடுத்த சில நொடிகளுக்குப் பாஸ்போகிரியேட்டின் அதை ஈடுசெய்கிறது. பின்னர், தசையில் குளுக்கோஸின் சேமிப்பாக உள்ள கிளைகோஜன் ஆக்சிஜன் இன்றிச் சிதைந்து கைகொடுக்கிறது. நீடித்த வேலைக்கு, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவே துணை: ஆக்சிஜன் இன்றி ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு தருவது 2 ஏ.டி.பி.; ஆக்சிஜனுடன் ஏறத்தாழ 30.

செலவாகும் ஆற்றலில் சுமார் கால் பங்கே வேலையாகிறது. மீதி உடல் வெப்பமாகிறது; அதைத் தணிக்க உடல் வியர்த்து நீரை இழக்கிறது. தீர்ந்த பாஸ்போகிரியேட்டின் பெருமளவு மீளச் சில நிமிட ஓய்வு வேண்டும். எனவே எஃகு உருட்டாலைகளில் உலைச் சூட்டருகே உழைப்போருக்குக் குடிநீரும் இடையோய்வும் சலுகைகளாக அல்ல, உடலின் அடிப்படைத் தேவைகளாகவே கருதப்பட வேண்டும்.