வெயில்படு மேல்தளம்: அகஸ்டஸ் ஏர்லின் ஓவியமும் வரலாற்றுச் சான்றும்

பாய்மரக் கப்பலைக் கரையில் நின்று தீட்டிய ஓவியர் பலர். அதனுள் வாழ்ந்து தீட்டியவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஆங்கிலேயரான அகஸ்டஸ் ஏர்ல் (1793–1838). பிரித்தானியப் போர்க்கப்பலின் மேல்தளத்தில் 'வழக்கமாக' நடைபெறும் இறைவழிபாட்டைக் காட்டும் அவருடைய எண்ணெய்வண்ண ஓவியம் 1837இல் இலண்டன் ராயல் அகாதமியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் அதனைப் பேணி வருகிறது.

'வழக்கமாக' என்னும் சொல் ஓவியத் தலைப்பிலேயே அமைந்தது. நாம் ஐயுற வேண்டியதும் அச்சொல்லையே. திறந்த வானின் ஒளியில் அதிகாரிகளும் மாலுமிகளும் தத்தம் படிநிலைக்கேற்ற இடத்தில் அமர்ந்து மறையுரை கேட்கின்றனர். காட்சி அமைதியானது, உண்மையும் கூட. ஆயின் கசையடித் தண்டனையைக் காணவும் அதே கூட்டத்தார் அதே மேல்தளத்தில்தான் திரட்டப்பட்டனர். ஏர்ல் இதனை அறியாதவர் அல்லர். 1831 திசம்பர் 27இல் டார்வினுடன் பீகிள் கப்பலில் அவர் புறப்பட்டார். கிறித்துமசு நாளில் குடித்துக் கலகம் விளைத்த மாலுமியர் நால்வர் கப்பல் புறப்பட்ட மறுநாளே கசையடி பெற்றனர். அமைதிக்காலத்தில் இத்தண்டனை நிறுத்தப்பட்டது 1871இல்தான்.

ஏர்லை வெறும் முகமன் ஓவியர் என ஒதுக்கிவிடவும் இயலாது. நிலநடுக்கோட்டைக் கடக்கும் சடங்கைக் காட்டும் அவரது சித்திரம் 1839இல் வெளிவந்த பீகிள் பயண நூலில் அச்சாயிற்று. 1832 பிப்ரவரியில் நிகழ்ந்த அச்சடங்கில் டார்வினின் முகத்திலேயே கீலும் வண்ணமும் பூசினர். படிநிலை முற்றும் தலைகீழாயிற்று. எனினும் அது தலைவன் இசைவுடன் ஒருநாள் நிகழ்ந்த கூத்து என்பதையும் மறத்தல் கூடாது.

நம் வட்டாரத்திற்கும் ஏர்லுக்கும் தொடர்புண்டு. 1828இல் சிட்னியிலிருந்து புறப்பட்ட அவர் மணிலா, சிங்கப்பூர் வழியாகச் சென்னையை அடைந்தார். அங்கு உடல்நலங் குன்றிப் புதுச்சேரியில் வேறு கப்பல் ஏறினார். அக்கப்பலோ மொரீசியசில் பயணத்திற்குத் தகுதியற்றதெனக் கழிக்கப்பட்டது. பிரெஞ்சிந்தியத் துறைகளிலிருந்து ரியூனியன் தீவுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் அனுப்பப்படலானதும் ஏறத்தாழ அதே காலத்திலாகும். கடற்படைக் கப்பலைத் தீட்டிய ஓவியத்தில் அத்தொழிலாளரைத் தேடுதல் முறையன்று. அவர்கள் இல்லாமை ஓவியரின் குற்றமுமன்று. ஆனால் புலம்பெயர்வு வரலாற்றைக் கற்பிக்கும் நாம் தக்க படம் கிட்டாதபோது இத்தகைய ஓவியத்தைத் துணைப்படமாகக் காட்டிவிடுவது எளிது. அங்ஙனம் காட்டினால், கூலியாட்கள் நெருங்கிக் கிடந்த கீழ்த்தளத்தின் மீது போர்க்கப்பலின் ஞாயிற்றுக்கிழமை வெயிலைப் பரப்பியவராவோம்.