டைல்ஸ் குளமும் வெட்டுக்கல் குளமும்

ஒற்றசேகரமங்கலத்திலிருந்து தெற்கே பாறசாலை வரை, தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லையோர ஊர்களில் குளத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கோயிலுக்கு ஒன்று, வயலின் தலைமாட்டில் ஒன்று, பெரிய வீட்டு விளையில் ஒன்று. வெட்டுக்கல் அடுக்கிய கரை, இறங்கப் படித்துறை, ஓரத்தில் கோரையும் வல்லாரையும். வளைகுடாப் பணம் வந்த பிறகு எழுந்த பெரிய வீடுகளில் சிலவற்றுக்குப் பின்னால் இன்னொரு வகைக் குளமும் வந்தது: நீல டைல்ஸ், எஃகு ஏணி, மோட்டார் அறை. பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்டால் அதில் இறங்க ஆளில்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினாலே மாதம் 130 யூனிட்டுக்கு மேல் போய்விடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்வாரிய பில்லைப் பார்த்து ஒருநாள் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். பத்து நாளில் தண்ணீர் பச்சை பிடிக்கிறது. இதையே இயற்கைக் குளமாக மாற்றிவிட்டால் என்ன என்ற யோசனை அப்போதுதான் எழுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் ஊர்க்குளத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இறங்கினால் பணமும் போகும், தொட்டியும் போகும்.

வித்தியாசம் அடியில் தொடங்குகிறது. ஊர்க்குளம் நிலத்தடி நீர் வெளியே தெரியும் இடம். பக்கத்துக் கிணற்றில் நீர் ஏறினால் குளத்திலும் ஏறும், இறங்கினால் இறங்கும். நீச்சல்குளம் மண்ணுக்குள் புதைத்த சிமெண்ட் பாத்திரம். நிலத்துக்கு எதையும் கொடுக்காது, நிலத்திலிருந்து வாங்கவும் செய்யாது. இந்தப் பிரிவினை மழைக்காலத்தில் ஆபத்தாகிறது. இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் நிலத்தடி நீர் தரைக்கு அருகே ஏறி நிற்கும்போது, 'முதலில் தண்ணீரை இறைத்துச் சுத்தம் பண்ணிக்கொள்வோம்' என்று தொட்டியைக் காலி செய்தால், கீழிருந்து நீர் அதை மேலே தள்ளும். தரை விரிசல் விடும். சில சமயம் தொட்டியே படகுபோலக் கிளம்பிவிடும். உள்ளே நிற்கும் தண்ணீரின் பாரம்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. இறைப்பதானால் மாசி, பங்குனியில் இறைக்க வேண்டும்.

அடியில் ஓட்டை போட்டுவிட்டால் உண்மையான குளமாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. வெட்டுக்கல் மண் நீரை வேகமாகக் குடிக்கும். பழைய குளத்தின் அடியில் தலைமுறை தலைமுறையாகப் படிந்த களிச்சேறு கசிவை மட்டுப்படுத்துகிறது. பெரும்பாலும் அது நிலத்தடி நீரைத் தொடும் ஆழத்துக்கும் வெட்டப்பட்டிருக்கிறது. ஓட்டை போட்ட நீச்சல்குளத்துக்கு இரண்டும் கிடையாது. கோடையில் வெறும் குழிதான் மிஞ்சும். ஆகவே பாத்திரத்தைப் பாத்திரமாகவே விட்டுவைப்பது நல்லது.

நீர்க்கணக்கு இங்கே நமக்குச் சாதகம். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 48,000 லிட்டர் பிடிக்கும். ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், அதன் திறந்த வாயில் விழுவது மட்டும் 57,000 லிட்டருக்கு மேல். கோடையில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானாலும் மூன்று மாதத்தில் அரை மீட்டருக்குள்தான் குறையும். கூரைத் தண்ணீரின் ஒரு குழாயைத் திருப்பினால் அந்தக் கவலையும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் சிட்னியின் கு-ரிங்-கை நகராட்சி இதை ஒரு திட்டமாகவே நடத்தியிருக்கிறது. குளோரினை நிறுத்து, மோட்டாரை நிறுத்து, காத்திரு, செடி வை, உள்ளூர் மீன் விடு, ஏறக்குறைய அவ்வளவுதான். வெயிலில் குளோரின் தானாகப் போய்விடும். பாசியைக் கொல்லச் செம்பு கலந்த மருந்து விட்டிருந்தால் மட்டும் அந்தத் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். மீனுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம். டைல்ஸ் பெயர்ந்து சிமெண்ட் தெரியும் இடத்தில் சுண்ணாம்புக் காரம் இறங்கும். நம்மூரில் புதுச் சிமெண்ட் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மீன் விடுவார்களே, அதே வேலையை இங்கேயும் செய்யலாம்.

மீன் விடாமல் காத்திருப்பதில்தான் வில்லங்கம். 2007இல் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பகுதியில் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் ஜனங்கள் வீட்டை விட்டுப் போனார்கள், பின்னால் கிடந்த நீச்சல்குளங்கள் பச்சை பிடித்தன, கொசு பெருகியது, அந்தக் கோடையில் வெஸ்ட் நைல் காய்ச்சல் முந்தைய ஆண்டைவிட 276 விழுக்காடு கூடியது. கைவிடப்பட்ட குளமும் இயற்கைக் குளமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே கொசுப்புழுவைத் தின்ன ஆள் இருக்கிறதா என்பதுதான் வேறுபாடு. எல்லை ஊர்களில் அந்த ஆள் மானத்துகண்ணி. தலைமேல் வெள்ளிப் பொட்டோடு நீரின் மேல்மட்டத்திலேயே சுற்றும் சின்ன மீன். வயல் தோட்டில், அதாவது சிற்றோடையில், ஒரு துண்டை விரித்துப் பிடித்தால் கிடைக்கும். கப்பியும் திலாப்பியாவும் வேண்டாம். மழையில் குளம் வழிந்தால் அவை தோட்டுக்குப் போய் அங்கிருப்பவற்றை ஒழித்துக்கட்டும். ஆகாயத்தாமரைக்கும் ஆப்பிரிக்கப் பாயலுக்கும் அதே தடை. ஆம்பல், வசம்பு, கோரை போதும்.

அடுத்தது கரை. ஊர்க்குளத்தின் படித்துறை மனிதருக்கு மட்டும் உதவுவதில்லை. தவளையும் உடும்பும் கீரியும் ஏறி இறங்க அதுவே வழி. நீச்சல்குளத்தின் சுவர் செங்குத்து. விழுந்த தவளை இரவெல்லாம் டைல்ஸைச் சுரண்டிச் சாகும். நாய்க்குட்டிக்கும் அதே கதிதான். ஒரு மூலையில் வெட்டுக்கல்லைப் படியாக அடுக்கி, இடையில் மண்சட்டியில் செடி வைத்தால் பாதி வேலை முடிந்தது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் அதற்கு முன் வேலி. ரப்பர் நிற்கும் விளையானால் இன்னொன்றும் உண்டு. மார்கழி முதல் மாசி வரை ரப்பர் இலை உதிரும். அது அத்தனையும் தொட்டியில் விழுந்து அழுகினால் தண்ணீர் கறுத்து, மூச்சுக்காற்றில்லாமல் மீன் மிதக்கும். அந்த மூன்று மாதம் வலை கட்டாமல் முடியாது.

இனி குளிப்பு. ஐரோப்பாவில், குறிப்பாக ஆஸ்திரியாவில், 1980களிலிருந்து குளோரின் இல்லாத நீச்சல்குளங்களைக் கட்டி வருகிறார்கள். ஒரு பங்கு நீந்த, மறுபங்கு சரளையும் செடியும். தண்ணீர் இரண்டுக்கும் நடுவே சுற்றும். 2014இல் சுவிட்சர்லாந்தின் ரீஹெனிலும், 2015இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து வெபர் பூங்காவிலும் பொதுமக்களுக்கே இப்படித் திறந்தார்கள். படம் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அவை குளிர்நாட்டுக் குளங்கள், கோடையில் சில மாதங்கள் மட்டும் திறப்பவை. நம் பக்கம் தேங்கிய தண்ணீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே நிற்கும். மூளையைத் தின்னும் அமீபா என்று பத்திரிகைகள் எழுதும் நெக்லேரியாவுக்கு அதுவே பிடித்த வீடு. குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியே ஏறி நோய் கண்டால் பிழைப்பது அபூர்வம். 2024 ஜூலையில் நெய்யாற்றின்கரைக்கு அருகே கண்ணறவிளை காவின்குளத்தில் குளித்த இளைஞர் ஒருவர் இறந்தார். அங்கே குளித்த வேறு சிலருக்கும் தொற்று உறுதியானது. ஊர்க்குளத்தைப் பழிக்க இது போதும் என்று நினைத்தவர்களுக்கு அடுத்த ஆண்டே பதில் வந்தது. 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம் ஆக்குளம் சுற்றுலா கிராமத்தின் நீச்சல்குளத்தில் குளித்த பதின்வயதுப் பையனுக்கும் அதே நோய். சுகாதாரத் துறை அந்தக் குளத்தை மூடியது. டைல்ஸ் பதித்திருப்பது காப்பாற்றாது. தண்ணீரில் அன்றன்று போதிய குளோரின் இருந்தால்தான் காப்பு. அதை நிறுத்துவதே இந்த மாற்றத்தின் முதல் படி என்பதால், மாற்றிய குளத்தில் தலை முங்கிக் குளிக்க வேண்டாம் என்பதே என் கட்சி. கால் நனைக்கலாம், மீனுக்குப் பொரி போடலாம், வாழைக்கு இறைக்கலாம்.

ஊர்க்குளத்தை இது ஈடுகட்டுமா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. குளத்தில் கோடையில் இறங்கிச் சேறு வாரினார்கள், வாரிய சேற்றைத் தென்னைக்கு இட்டார்கள். காலையும் மாலையும் நூறு பேர் குளித்துத் துவைத்ததால் பாசிக்கு ஓய்ந்து படிய நேரம் கிடைக்கவில்லை. குழாயும் வீட்டுக் குளியலறையும் வந்த பிறகு குளம் கெட்டதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பக்கத்துக் காட்டாக்கடைத் தொகுதியில் 'ஜலசம்ருத்தி' என்ற பெயரில் பண்ணைக்குட்டை வெட்டியும் குளங்களைச் சீராக்கியும் கிணறுகளில் நீர் ஏற வழி செய்திருக்கிறார்கள். செலவழிக்கப் பணமும் ஆளும் ஓரிடத்துக்குத்தான் போதும் என்றால், வீட்டுப் பின்புறத்தைவிட ஊர்க்குளத்தில் கொட்டுவதே பலருக்குப் பயன்.

பின்புறத்தில் செய்வதென்று முடிவெடுத்தால், வழிந்தோடும் குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை இடவப்பாதி மழைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பலர் அதைக் கிணற்றுக்குத் திருப்பிவிட்டு நீர் சேமித்ததாக மகிழ்கிறார்கள். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமீபாவுக்குப் பயந்து கேரளமெங்கும் கிணறுகளில் குளோரின் போட்டார்கள். மீன் கழிவும் அழுகிய இலையும் கலந்த தண்ணீரைக் குடிகிணற்றில் விடுவானேன்? வாழைத்தடத்துக்குத் திருப்பலாம், வாழை இல்லாவிட்டால் சேம்புக்கு.