புரியாத பாட்டும் காட்பாடி ரயிலும்

போன மாசம் ஓபியில் நடந்தது இது. ஆள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஆரணிப் பக்கம் பட்டுத் தறி நெய்யும் ஒரு அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகளைக் கூட்டிக்கிட்டு வந்தார். தலைசுற்றல், சோர்வு. நான் பொண்ணைக் கேள்வி கேட்பதற்குள் அம்மா ஆரம்பிச்சிட்டார்.

"எல்லாம் அந்தக் கொரியாக்காரன் பாட்டாலதான் மேடம். தார் சுத்தும்போதும் காதுல அதுதான். ஒரு வார்த்தை புரியாது. அந்தக் காட்பாடி பொண்ணுங்க மாதிரி இவளும் கிளம்பிடுவாளோன்னு பயமா இருக்கு. போனைப் புடுங்கிடட்டுமா?"

காட்பாடி விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2024 ஜனவரி. கரூர் மாவட்டத்துப் பெண்கள் மூணு பேர், வயசு 13. பிடிஎஸ் குழுவைப் பார்க்க, கையில் 14,000 ரூபாயோடு கிளம்பினார்கள். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறினால் கொரியா என்பது திட்டம். சென்னை வரை போய், மனசு மாறித் திரும்பும் வழியில் காட்பாடியில் போலீஸ் மீட்டது. வேலூர் தாண்டினால் காட்பாடி, அதனால் எங்க ஊரில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

அன்னைக்கு எல்லாரும் மீம் போட்டுச் சிரித்தோம். நானும்தான். இப்போ யோசித்தால் சிரிப்பு வரவில்லை. மூணு குழந்தைகள் பத்திரமாகக் கிடைத்தது அதிர்ஷ்டம். "கொரியா போக என்ன வேணும்?" என்று கேட்டாலே திட்டு விழும் என்றால், எந்தக் குழந்தை வீட்டில் கேட்கும்?

சரி, புரியாத பாட்டில் அப்படி என்னதான் இருக்கு?

1963 ஜூன். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது ஒரு ஜப்பானியப் பாட்டு. பாடியவர் கியூ சகாமோட்டோ. மூணு வாரம் அங்கேயே இருந்தது. கண்ணீர் கீழே விழாமல் இருக்க மேலே பார்த்து நடக்கும் ஒருவனின் பாட்டு அது. எழுதியவர் ரொகுசுகே எய். அமெரிக்காவோடு ஜப்பான் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்த போராட்டம் 1960இல் தோற்றுப்போன வருத்தத்தில் பிறந்த வரிகள். அதைத்தான் அமெரிக்கர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், ஒரு வார்த்தை புரியாமல்! பேர் வாயில் நுழையவில்லை என்று "சுகியாகி" என்று மாற்றினார்கள். அது ஒரு கறி உணவின் பேர். நம்ம சோகப் பாட்டு ஒன்றுக்கு வெளிநாட்டுக்காரன் "வத்தக்குழம்பு" என்று பேர் வைத்த கதைதான்.

இப்போ தலைகீழாகப் பாருங்கள். 1998இல் ரஜினியின் "முத்து" டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு தியேட்டரில் வெளியாகி 23 வாரம் ஓடியது. அங்கே அதற்குப் பேர் "ஆடும் மகாராஜா". பார்த்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ரஜினி மாதிரி துண்டைச் சுற்றிப் பார்த்தவர்களை நாம் பைத்தியம் என்றோமா? பெருமையாக டிவியில் போட்டோம். 2006இல் பிரதமர் மன்மோகன் சிங் ஜப்பான் நாடாளுமன்றத்தில் பேசும்போதுகூட அந்த ஆடும் மகாராஜாவைக் குறிப்பிட்டார்.

போனைப் பிடுங்குவது பற்றியும் சொல்கிறேன். அதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடே தென் கொரியாதான். 1910 முதல் 1945 வரை ஜப்பானின் அடிமை நாடாக இருந்த கொடுமை அவர்களுக்கு. கோபம் நியாயமானது. விடுதலைக்குப் பிறகு ஜப்பானியப் பாட்டு, படம் எல்லாவற்றுக்கும் பல பத்தாண்டு தடை. என்ன ஆச்சு? பூசான் கடற்கரையில் ஆன்டெனாவைத் திருப்பி ஜப்பான் டிவி பார்த்தார்கள். திருட்டு கேசட் ஓடியது. கடைசியில் அதே 1998இல், அதிபர் கிம் டே ஜுங் படிப்படியாகக் கதவைத் திறந்தார். "ஜப்பான்காரன் நம்மை விழுங்கிடுவான்" என்று பயந்தவர்கள் நிறைய. ஆனால் 2002இல் போவா என்ற கொரியப் பெண், 15 வயதில், ஜப்பானிய மொழியில் பாடி அந்நாட்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தாள்.

இதையெல்லாம் சுருக்கமாக அந்த அம்மாவிடம் சொன்னேன் (வெளியே வரிசையில் நின்றவர்கள் மன்னிக்கவும்). அவரைக் கொஞ்சம் வெளியே உட்கார வைத்துவிட்டுப் பொண்ணிடம் தனியாகப் பேசினேன். ஹீமோகுளோபின் 8.4. குறைந்தது 12 இருக்கணும். ரெண்டு மாசமாக ராத்திரி சாப்பிடுவதில்லை. காரணம், திரையில் தெரியும் அந்த இடுப்பு.

என் பயமும் அங்கேதான். அந்த இடுப்புக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை இருக்கு. சின்ன வயசிலேயே சேர்த்து, வருஷக்கணக்கில் பயிற்சி, எடைக் கட்டுப்பாடு. 2009இல் டிவிஎக்ஸ்கியூ குழுவின் மூணு பேர் தங்கள் 13 வருஷ ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அதே வருஷம்தான் 7 வருஷத்துக்கு மேல் கூடாது என்று அங்கே மாதிரி ஒப்பந்தம் வந்தது. "உனக்குப் பிடிச்சவங்களே எதிர்த்துப் போராடின விஷயத்தை நீ ஏம்மா காசு வாங்காம செய்யறே?" என்று கேட்டேன். முதல்முறையாகச் சிரித்தாள்.

இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை, முருங்கைக்கீரை, முட்டை. ராத்திரி சாப்பாடு கட்டாயம். பாட்டு கேட்கலாம். ஒரு மாசம் கழித்து வரச் சொன்னேன்.

கிளம்பும்போது அம்மா கேட்டார், "நிஜமாவே முத்து அங்க ஓடிச்சா மேடம்?" மகள் உடனே போனில் தேடி ஜப்பான் போஸ்டரைக் காட்டினாள்.

"இதுல என்னடி எழுதியிருக்கு?"

"தெரியலம்மா. இது ஜப்பான் எழுத்து. எனக்குக் கொரியன் எழுத்து மட்டும்தான் படிக்கத் தெரியும்."

அம்மா என்னைப் பார்த்தார். "இவ எப்ப மேடம் இதெல்லாம் கத்துக்கிட்டா?"