பாவித்த சொகுசுக் காரும் இயந்திரத்தின் சாட்சியமும்

பத்திரிகைத் துறையில் இரு தசாப்தங்களுக்கும் மேலாக என்னோடு ஒரே மேசையில் பணியாற்றிய நண்பர் ஒருவர் அண்மையில் ஓய்வுபெற்றார். கைக்குக் கிடைத்த ஊழியர் சேமலாப நிதியைக் கொண்டு பாவித்த ஐரோப்பியச் சொகுசுக் கார் ஒன்றை வாங்கி, கொழும்பில் திருமண வைபவங்களுக்கு வாடகைக்கு விட்டுச் சீவிக்கலாம் என்பது அவரது திட்டம். 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை எங்கே போய் நின்றது என்பதை இலங்கையில் வாழ்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு மனிதனின் முப்பது வருட உழைப்பு ஒரே காருக்குள் அடங்கிவிடக்கூடிய நிலை.

"அந்தக் கொம்பனியின்ர கார் எண்டா யோசிக்கத் தேவையில்லை. என்ஜின் சாகாது" என்றார் நண்பர், தொலைபேசியில்.

பெரிய மனிதர் ஒருவர் சொன்னார் என்பதற்காக மாத்திரம் ஒரு செய்தி உண்மையாகிவிடுவதில்லை. இது எமது தொழிலின் அரிச்சுவடி. நண்பருக்கும் அது தெரியும். ஆனால், காரின் முகப்பில் பளபளக்கும் சின்னத்தைக் கண்டதும் அவர் அதை மறந்துவிட்டார். சின்னத்தை நம்பலாமா, இயந்திரத்தையே விசாரிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு மோட்டார் வாகன வரலாறு தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது.

முதலில் 1907ஆம் ஆண்டுக்குப் போவோம். ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனம் தனது 40/50 குதிரைவலுக் கார்களில் ஒன்றுக்கு வெள்ளி நிறம் பூசி, 'சில்வர் கோஸ்ட்' என்று பெயரிட்டு, பிரித்தானிய மோட்டார் வாகனக் கழகமான ஆர்.ஏ.சி.யின் கண்காணிப்பாளர்களின் முன்னிலையில் பரீட்சைக்கு அனுப்பியது. லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையில் அந்தக் கார் இரவு பகலாக ஓடியது. 629 மைல்களில் பெற்றோல் குழாயின் திருகு அதிர்வினால் மூடிக்கொண்டதால் ஒரு தடவை நின்றது. அதற்குப் பின்னர் 14,371 மைல்கள் தன்னிச்சையாக எங்குமே நிற்கவில்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தூரமல்ல. ஓட்டம் முடிந்த பிறகு காரைப் பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். உலகின் தலைசிறந்த கார் என்ற பட்டம் அந்த அளவீட்டிற்குப் பிறகே நிலைத்தது. அதாவது, பெயர் இயந்திரத்திற்கு அத்தாட்சி வழங்கவில்லை. இயந்திரமே பெயருக்கு அத்தாட்சி வழங்கியது. இன்று பழைய கார் வாங்குபவர்களில் அநேகர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி விடுகிறார்கள்.

இரண்டாவது உதாரணம் நண்பரின் நம்பிக்கைக்குச் சாதகமானது போலத் தோன்றும். கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகர டாக்சிச் சாரதி ஒருவர், 1976ஆம் ஆண்டு உற்பத்தியான மெர்சிடெஸ் பென்ஸ் 240 டி காரை 1981இல் பாவித்த காராகவே வாங்கினார். அப்போதே அது 2 இலட்சத்து 20 ஆயிரம் கிலோ மீற்றர் ஓடியிருந்தது. 2004இல் அவர் அதை அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்திடம் கையளித்தபோது, அது ஓடியிருந்த தூரம் 46 இலட்சம் கிலோ மீற்றர். 65 குதிரைவலு மாத்திரமே கொண்ட மெதுவான டீசல் இயந்திரம், வார்ப்பிரும்பு உடல், இலத்திரனியல் சிக்கல்கள் இல்லை. நீண்ட ஆயுளுக்கு இவை காரணங்களே. ஆனால், அந்தச் சாரதி ஒரே இயந்திரத்துடன் அவ்வளவு தூரம் ஓடவில்லை. இயந்திரங்களை மாற்றி மாற்றிப் பொருத்தி, கழற்றியதைச் செப்பனிட்டு மீண்டும் பூட்டியே ஓடினார். 'சாகாத என்ஜின்' என்ற கதையில் பராமரித்த கைகளைப் பற்றிய பகுதி எப்போதும் விடுபட்டுப் போகிறது.

மூன்றாவது உதாரணம் கசப்பானது. 1992இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் புதிய எட்டு சிலிண்டர் இயந்திரம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதன் அலுமினிய சிலிண்டர்களின் உட்சுவருக்கு நிக்கலும் சிலிக்கன் காபைட்டும் கலந்த 'நிக்காசில்' என்ற மெல்லிய பூச்சு இடப்பட்டிருந்தது. பாரம் குறைவு, உராய்வும் குறைவு. ஆனால், கந்தகம் கூடிய பெற்றோல் விற்பனையான நாடுகளில் அந்தப் பூச்சு அரிக்கப்பட்டது. சிலிண்டர் அழுத்தம் இழந்தது, காலையில் இயந்திரம் கிளம்ப மறுத்தது. அமெரிக்காவில் பல கார்களுக்கு நிறுவனம் இயந்திரத்தையே மாற்றிக் கொடுக்க நேரிட்டது. 1996இல் எட்டு சிலிண்டர் இயந்திரத்தை அறிமுகம் செய்த ஜகுவார் நிறுவனமும் அதே பூச்சைப் பயன்படுத்தி, அதே துன்பத்தை அனுபவித்து, 2000ஆம் ஆண்டில் வார்ப்பிரும்பு உட்குழாய்களுக்கு மாறியது. கந்தகம் குறைந்த எரிபொருள் கிடைத்த இடங்களில் இதே இயந்திரங்கள் நெடுங்காலம் ஓடின. ஓர் இயந்திரத்தின் நம்பகம் அது எதைக் குடித்து வளர்ந்தது என்பதிலும் தங்கியிருக்கிறது.

இந்த உண்மையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்து அறியவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், வடபகுதிக்குப் பெற்றோலும் டீசலும் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்தேன். சைக்கிளில் போகும் எங்களைக் கடந்து, மண்ணெண்ணெய் வாடையும் புகையுமாக ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் ஓடின. சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். நோயாளரும் கர்ப்பிணிகளும் ஆஸ்பத்திரிக்குப் போனது அந்தக் கார்களில்தான். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் என்பதாலேயே அவை மண்ணெண்ணெயைத் தாங்கின. மண்ணெண்ணெய் கசிந்து ஒயில் நீர்த்துப் போகும் என்பதை அறிந்து, அடிக்கடி ஒயிலை மாற்றி அவற்றை வாழ வைத்தவர்கள் எங்கள் ஊர் மெக்கானிக்குகள். அழுத்த விகிதம் கூடிய ஒரு நவீன சொகுசுக் காரின் இயந்திரம் அந்த எரிபொருளில் தட்டித் தட்டியே அழிந்திருக்கும். விலையில் அந்த மொறிஸ் மைனர் எந்த மூலைக்கு? ஆனால், அன்று நம்பத்தகுந்த கார் அதுவே.

இன்னுமோர் உதாரணத்துடன் வரலாற்றை நிறுத்திக்கொள்கிறேன். 2004இல் மெர்சிடெஸ் பென்ஸ் அறிமுகப்படுத்திய எம்272 என்ற ஆறு சிலிண்டர் இயந்திரத்தில், அதிர்வைக் குறைக்கும் சமன்படுத்தும் தண்டின் பற்சில்லு, ஆரம்ப ஆண்டுகளில் உற்பத்தியானவற்றுள் பலவற்றில், காலத்துக்கு முன்னரே தேய்ந்தது. சிறியதொரு பற்சில்லுதான். ஆனால், அதை மாற்றுவதற்கு இயந்திரத்தையே வெளியில் இறக்க வேண்டும். விவகாரம் அமெரிக்க நீதிமன்றம் வரை சென்றது. பிந்திய உற்பத்திகளில் அந்தக் குறை திருத்தப்பட்டது. பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு கார்களில் எது ஆபத்தானது என்பதைச் சொல்லக்கூடியது அதன் இயந்திர இலக்கம் மாத்திரமே. டீசல் காரால் புகழ் பெற்ற அதே நிறுவனம்தான் இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நண்பருக்குச் சொன்னேன். அவர் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. இருந்தாலும், காரைப் பார்க்கப் போகும்போது எங்கள் ஊரவரான மெக்கானிக் ஒருவரையும் அழைத்துச் செல்ல உடன்பட்டார். கறுப்பு நிறம், தோல் ஆசனங்கள், மாசு மறுவற்ற வர்ணம். விற்பவர் சாவியைத் திருப்பினார், இயந்திரம் சத்தமின்றிக் கிளம்பியது. நண்பரின் முகம் மலர்ந்தது. மெக்கானிக் பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். பின்னர் என்னருகே வந்து தாழ்ந்த குரலில், "அண்ணை, நாங்கள் வாறதுக்கு முதலே ஓட்டிச் சூடாக்கி வைச்சிருக்கினம். நாளைக்கு விடிய வருவம். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, ஆறிக் கிடந்த அதே இயந்திரம் வேறு கதை சொன்னது. தகரப் பேணிக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் சில விநாடிகள் கேட்டு அடங்கியது. சங்கிலி தளர்ந்திருக்கிறது என்றார் மெக்கானிக். புகைக்குழாயில் நீலப் புகை, ஒயில் எரிகிறது. கணினிக் கருவியை இணைத்துப் பார்த்தபோது குறைபாடு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. ஆனால், கார் தன்னைத்தானே பரிசோதிக்கும் சோதனைகளும் முடிவடைந்திருக்கவில்லை. பழைய பதிவுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கான அறிகுறி அது. சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தபோது ஐந்து ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க, ஒன்று மாத்திரம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டுகளைக் கேட்டோம். கடந்த நான்கு வருடங்களுக்கு ஒன்றுகூட இல்லை.

நண்பர் திரும்பும் வழியில் நெடுநேரம் பேசவில்லை. கோபம் விற்பவர் மீதா, என் மீதா, தன் மீதா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "மனிசிக்கு நேற்றே சொல்லிப்போட்டன், கார் சரி எண்டு" என்றார்.

பழைய சொகுசுக் காரில் நாம் வாங்குவது முந்திய உரிமையாளர்கள் அதை நடத்திய விதத்தை. அந்த விதத்தை விற்பவரின் வாய் மறைக்கலாம். வர்ணமும் மீற்றரும் மறைக்கலாம். ஆறிய இயந்திரமும், அதன் இலக்கமும், ஒயில் பற்றுச்சீட்டுகளும் சேர்ந்து பொய் சொல்வது கடினம். புதிதாக இருந்தபோது காரின் விலை எவ்வளவோ, அந்தத் தரத்திலேயே அதன் உதிரிப்பாகங்களின் விலையும் இருக்கும். வாங்கும் விலை எவ்வளவு குறைந்தாலும் திருத்தும் விலை குறைவதில்லை. ஓய்வுபெற்றவரின் சேமிப்பு கரைவது அந்த இடத்தில்தான்.

நண்பர் இன்னும் தேடிக் கொண்டிருக்கிறார். கடந்த வாரம் அவரது வீட்டிற்குச் சென்றிருந்தபோது, விளம்பரம் செய்த ஒருவரோடு தொலைபேசியில் பேசிக் கொண்டிருந்தார். மடியில் எமது பழைய செய்திக் குறிப்பேடு போன்ற ஒரு கொப்பி. நிறத்தையும் ஆசனத்தையும் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "முதல்ல என்ஜின் நம்பரைச் சொல்லுங்கோ" என்றார்.